கரப்பான் இருக்கும் குழந்தைக்குப் பத்தியம்: எதை நிறுத்துவது, எத்தனை நாள் நிறுத்துவது?

மலர், பொள்ளாச்சி

வணக்கம். என் மகளுக்கு 7 வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் ஆரம்பித்த கரப்பான், இப்போது முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், கழுத்து என்று இடம் மாறி நிற்கிறது. தோல் டாக்டர் எக்ஸீமா என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம், பாதி நாள் போட்டேன், பாதி நாள் போடவில்லை. போன ஆவணியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். நிதானமாகப் பார்த்தார், திக்தகம் நெய்யும் மேலே தேய்க்க நால்பாமராதி எண்ணெயும் கொடுத்தார், ஒரு பத்தியப் பட்டியலும் எழுதித் தந்தார். கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு, புளித்த தயிர், ஊறுகாய், கடையில் விற்கும் பாக்கெட் தீனி, இவ்வளவுதான் அதில் இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டியல் வளர ஆரம்பித்துவிட்டது. மாமியார் முட்டை வேண்டாம் என்றார், நாத்தனார் நிலக்கடலை வேண்டாம் என்றார், பக்கத்து வீட்டு அக்கா உளுந்து சேரவே சேராது என்றார், நானும் பயந்துபோய்ப் பாலை நிறுத்தினேன். நாலு மாதமாகக் குழந்தை சாப்பிடுவது சோறு, மிளகு ரசம், பாசிப்பருப்பு, புடலங்காய், சுரைக்காய். தோசைகூடக் கிடையாது. பள்ளியில் மற்ற பிள்ளைகளின் டிபனைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எடை 20.4 கிலோவிலிருந்து 18.6 ஆகியிருக்கிறது.

தோல் முதல் ஒன்றரை மாதம் நன்றாகவே இருந்தது, பாதிக்கு மேல் அடங்கியது, அதையும் சொல்லியாக வேண்டும். மார்கழிப் பனி வந்ததும் மறுபடி வெடித்துக்கொண்டது. போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று குப்பைமேனி இலையை உப்புச் சேர்த்து அரைத்துப் போட்டேன், எரிகிறது எரிகிறது என்று கதறிவிட்டாள். உடனே கழுவிவிட்டேன், ஆனாலும் இரண்டு நாள் சிவந்தே இருந்தது.

என் கேள்வி இதுதான். நம் மருத்துவத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, விட மனமில்லை. ஆனால் பத்தியம் என்பது இப்படியா? எவ்வளவு நாள் இருக்க வேண்டும்? எந்த மூலிகை குழந்தைக்கு ஆகும், எது ஆகாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நாஞ்சில் பெரியவர்

அம்மா, படிக்கப் படிக்க என் சின்ன வயசே கண் முன்னால் வந்தது. எனக்கும் பத்து வயசு வரைக்கும் கரப்பான் இருந்தது. எங்கள் பக்கம், நாகர்கோவிலிலிருந்து மலையாளக் கரை வரைக்கும், இதற்குத் தெச்சிப்பூ எண்ணெய்தான். நீங்கள் இட்லிப்பூ என்பீர்கள், சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அது. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் பூவைப் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை சின்னத் தீயில் காய்ச்சி வைத்துக்கொள்வாள் என் ஆச்சி. காந்தல் வாசனை வந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவாள், அவ்வளவு கறார்.

நான் சொல்ல வந்தது பத்தியத்தைப் பற்றி. எங்கள் வீட்டில் பத்தியம் என்றால் அதற்கு ஒரு ஆரம்பமும் ஒரு முடிவும் உண்டு. மருந்து தொடங்கும் நாள் தெரியும், முறிக்கும் நாளும் தெரியும். 41 நாள் சில வைத்தியர், ஒரு மண்டலம் என்று 48 நாள் சில வைத்தியர். முடிந்த பிறகு ஆச்சி ஒரேயடியாக எல்லாவற்றையும் இலையில் வைக்கமாட்டாள். முதலில் ஒரு துண்டு கத்தரிக்காய், அப்புறம் நாலு நாள் ஒன்றும் இல்லை, ராத்திரி நான் சொறிகிறேனா என்று பக்கத்திலேயே படுத்துப் பார்ப்பாள். அப்புறம் அடுத்தது. எனக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் போனது கருவாடு ஒன்றுதான், இன்றைக்கும் தின்றால் கழுத்து அரிக்கும். கத்தரிக்காயை வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறேன்.

முடிவு இல்லாத பத்தியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை அம்மா. வைத்தியர் ஏழு பொருளைத்தானே எழுதியிருக்கிறார். மீதியெல்லாம் பயம் எழுதிச் சேர்த்தது.


சித்த மருத்துவர், நெல்லை

மலர் சகோதரி, நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன், 14 வருடமாகச் சிகிச்சை பார்க்கிறேன், வருகிறவர்களில் கணிசமானவர்கள் தோல் நோயாளிகள். முதலில் எடை விஷயம். வளரும் வயதில் நாலு மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைந்திருக்கிறது என்றால், இந்த வாரமே ஒரு குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. புரதமும் துத்தநாகமும் குறைந்தால் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாது. பத்தியமே தோலுக்குக் கெடுதல் செய்யும் இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கரப்பான் பண்டம் என்று சித்த நூல்களில் ஒரு வகையே இருக்கிறது, தோல் நோயைத் தூண்டும் உணவுகள். கத்தரிக்காயும் கருவாடும் பெயர்போனவை. அது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கத்தரிக்காயில் ஹிஸ்டமின் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. கருவாட்டிலும், பதம் கெட்ட சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலும் இதே பொருள் நிறைய உண்டாகும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. நம் உடம்பில் அரிப்பையும் தடிப்பையும் எழுப்புவதும் ஹிஸ்டமின்தான். அதனால் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் தோலுக்கு இவை ஆகாமல் போவதை நம் முன்னோர்கள் கண்ணால் பார்த்தே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, இவை அரிப்பைக் கூட்டலாமே தவிரக் கரப்பானை உண்டாக்குவதில்லை. கரப்பானின் வேர், ஈரத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத தோல். அது பெரும்பாலும் பிறவியில் வருவது. ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்காவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

ஆயுர்வேதத்தில் இதையே வேறு வழியில் சொல்வார்கள். புளிப்பும் உப்பும் காரமும் பித்தத்தையும் ரத்தத்தையும் கிளப்பும், கசப்பு தணிக்கும் என்பது அடிப்படை. உங்கள் வைத்தியர் கொடுத்த திக்தகம் என்ற பெயருக்கே கசப்பு என்றுதான் பொருள். வேம்பு, பேய்ப்புடல், கடுகுரோகிணி, மரமஞ்சள் எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய நெய். விருத்த ஆகாரம் என்று ஒன்றோடொன்று சேராத உணவுகளையும் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் விரிவாகச் சொல்கிறார், மீனையும் பாலையும் சேர்த்து உண்பது அதில் முக்கியமானது. நம் வீடுகளில் மீனையும் பாலையும் எப்படியும் சேர்ப்பதில்லை, ஆகவே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டு மருத்துவமும் பாலையும் முட்டையையும் உளுந்தையும் எல்லாக் குழந்தைக்கும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துத்தான் பத்தியம்.

இனி என்ன செய்யலாம்? உளுந்தையும் காய்கறிகளையும் நீங்களே வீட்டில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவரலாம், மேலே ஐயா சொன்ன ஆச்சியின் வழி அப்படியே சரி. ஒரு பொருள், காலை வேளையில், கொஞ்சமாக, பிறகு மூன்று நாலு நாள் காத்திருப்பு, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கரப்பான் சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும், அதனால்தான் காத்திருப்பு. ஆனால் பால், முட்டை, நிலக்கடலை மூன்றையும் வீட்டில் வைத்துச் சோதிக்காதீர்கள். கரப்பான் இருக்கும் குழந்தைகளுக்குச் சில மாதம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு ஒத்துக்கொண்ட பொருளே கூடத் திடீர் ஒவ்வாமையாக, உதடு வீங்கி மூச்சுத் திணறும் அளவுக்கு வருவதுண்டு. அதற்கு ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். இதைச் சொல்வதில் ஒரு சித்த மருத்துவனாக எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

குப்பைமேனியும் உப்பும் சொறி சிரங்குக்கு உள்ள முறை, கரப்பானுக்கு உள்ளது அல்ல. வெடித்த தோலில் உப்புப் பட்டால் யாருக்கும் எரியத்தான் செய்யும். (ராத்திரியில் மட்டும் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.) கரப்பானுக்கு நாங்கள் மேலே போடுவது பெரும்பாலும் அருகன் தைலம், அதாவது அருகம்புல் சேர்ந்த எண்ணெய். உங்கள் வைத்தியர் கொடுத்த நால்பாமராதியும் நல்லதுதான், ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நாலு பால்மரங்களின் பட்டையும் மஞ்சளும் சேர்ந்தது. ஆனால் நீர் வடியும் நிலையில் எந்த எண்ணெயும் வேண்டாம், அது காய்ந்து செதிலாகும்போதுதான் எண்ணெய்க்கு வேலை.

பனிக்காலத்தில் நீங்கள் வெந்நீரில் குளிக்கவைப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் குளியல் வேண்டாம், துவட்டியும் துவட்டாமலும் ஈரம் இருக்கும்போதே எண்ணெயைப் பூசிவிடுங்கள். இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே என்னிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு அரிப்பு குறைந்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? உப்புக் கனத்த தண்ணீரும் தோலை வறட்டும்.


வடமராட்சியிலிருந்து ஒரு அக்கா

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். குப்பைமேனி என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வெளியில் பூசியதோடு நின்றது நல்லது, உள்ளுக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் சொன்னால் கொடுத்துவிடாதேங்கோ.

எங்கட ஊரில் இலைக்கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற வழக்கம் இருக்கு. முல்லை, முசுட்டை, வல்லாரை, ஆளாளுக்கு ஒரு கை. என்ர அண்ணாவின் மகனுக்கு உடம்பெல்லாம் கிரந்தி என்று சொல்லி, அவனுக்கு அப்ப ஐந்து வயது, குப்பைமேனி இலைச்சாறு விட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். அடுத்த நாள் பிள்ளை வெளிறிப்போய்க் கண் மஞ்சளாகிக் கிடந்தான், மூத்திரம் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தான். அங்கேதான் சொன்னார்கள், அவனுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற ஒரு நொதி குறைவு, அப்படியான ஆட்களுக்குக் குப்பைமேனி உள்ளுக்குப் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் என்று. 90களிலேயே எங்கட நாட்டு மருத்துவர்கள் இதை எழுதியிருக்கினம். அந்தக் குறை இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது, ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான் கூட.

அதே மாதிரி வேப்பெண்ணெயும். தோலில் பூசுவது ஒரு கதை, சின்னப் பிள்ளைக்கு வாயில் விடுவது வேறு கதை. மலேசியாவில் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கி, வலிப்பும் மூளை வீக்கமும் வந்து இறந்தும் போனதை 1981லேயே அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டவை. வேப்பம்பூ ரசம், வேப்பம்பூ வடகம் எல்லாம் நாங்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், அது எண்ணெய் மாதிரி செறிவு கிடையாது, பயப்பட வேண்டாம்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. இன்றைக்கும் வெயில் காலத்தில் நன்னாரி வேரை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்துத்தான் குடிக்கிறோம். ஆனால் பிள்ளை என்று வரும்போது பக்கத்து வீட்டுச் சொல்லைக் கேட்டு இலை பிடுங்கக் கூடாது.


செந்தில், சேலம்

இரண்டு மருத்துவமும் தெரிந்தவர்கள் எழுதுவதால் ஒன்று கேட்கிறேன். சோப்பை விட்டுவிட்டு நலங்கு மாவு தேய்த்துக் குளிக்கவைக்கலாமா? எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பயத்தமாவுதான், ஒருவருக்கும் தோல் நோய் கிடையாது. இன்றைக்குக் குழந்தைகளுக்குத் தோல் கெடுவதற்கு சோப்பும் ஷாம்பூவும்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். மலர் அக்கா முதலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.


மருந்தாளுநர், சென்னை

செந்தில், சோப்பைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. காரமான சோப்பு கரப்பான் தோலுக்கு எதிரிதான். ஆனால் நல்ல தோலுக்குப் பயத்தமாவு எப்படியோ, வெடித்த தோலுக்கு அது அப்படி அல்ல. இரண்டு காரணம். ஒன்று, மாவு நறநறவென்று உராயும், உள்ள எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிவிடும். இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. உணவுப் பொருள் வாய் வழியாகப் போகும்போது உடம்பு அதைப் பழக்கிக்கொள்கிறது, அதே பொருள் வெடித்த தோல் வழியாகப் போனால் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளக்கூடும். இங்கிலாந்தில் 2003ல் வெளியான ஒரு ஆய்வில், கைக்குழந்தையாக இருந்தபோது கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட பிள்ளைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகமாக இருந்தது தெரிந்தது. அதனால் புண்ணாக இருக்கும் இடத்தில் கடலைமாவு, பயத்தமாவு, பால், தயிர் எதையும் போடாதீர்கள், தோல் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நலங்கு மாவில் இன்னொரு விஷயம். கடையில் அரைத்து விற்பதில் சில இடங்களில் கார்போகரிசி சேர்க்கிறார்கள், வாசனைக்கும் நிறத்துக்கும். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், கொப்புளம் வந்து பிறகு கறுப்பாகத் திட்டு விழும். வெண்புள்ளிக்கு நம் மருத்துவங்களில் கார்போகரிசியைப் பயன்படுத்துவதே இந்தக் குணத்தால்தான், வைத்தியர் கண்காணிப்பில், வெயிலை அளந்து. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனாலும் இதேதான். கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போதும் பாருங்கள், உண்மையான கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறின நிறம், கற்பூர வாசனை அடிக்கும். பளீரென்று மஞ்சளாக இருந்தால் அது வேறு கிழங்கு. சமையல் மஞ்சளையும் பார்த்து வாங்குங்கள், நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூளும், அதைப் பூசி மெருகேற்றிய விரலியும் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் பிடிபட்டிருக்கின்றன.

மலர் அவர்களே, உங்களுக்கு என் வேலை சார்ந்து சொல்ல வேண்டியது இது. லேபிள் இல்லாத சூரணம், பெயர் இல்லாத டப்பாவில் வரும் பச்சைக் களிம்பு, இவற்றைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004ல் வெளியிட்டார்கள், 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் 2022ல், பாரம்பரிய மருந்து சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு சிறுநீரக நோய் வந்ததையும், மருந்தை நிறுத்தியபின் பலருக்கு அது அடங்கியதையும் எழுதினார்கள். உரிமம் பெற்ற நிறுவனம், தயாரிப்புத் தேதி, உள்ளடக்கப் பட்டியல் மூன்றும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், மூலிகைக் களிம்பு என்று ஒருவர் கொடுத்து, மூன்றே நாளில் எல்லாம் மறைந்து, நிறுத்தியதும் இரு மடங்காகத் திரும்பி வந்தால், அதற்குள் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இப்படிப் பல முகங்கள் கெட்டுப்போனதை நான் கவுன்ட்டரிலிருந்து பார்த்திருக்கிறேன். கண்டபடி விற்பதைத் தடுக்கத்தான் 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது.

ஆனால் அதே ஸ்டீராய்டை உங்கள் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், சொன்ன நாட்களுக்குப் போட்டால் பயம் வேண்டாம். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அளவுக்குப் பிதுக்கினால் அரை கிராம், பெரியவர் கை இரண்டு அகலத்துக்குப் போதும். பாதி நாள் போட்டுப் பாதி நாள் விட்டால்தான் அது ஆறவும் ஆறாமல் நிற்கவும் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு, பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்து 2014ல் வெளியிட்டார்கள், தாது எண்ணெயை (மினரல் ஆயில்) விடத் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. அது வாசனை சேர்க்காத, சூடுபடுத்தாமல் எடுத்த எண்ணெய். பருக்கள் வரும் வயதுப் பிள்ளைகளுக்கு முகத்தில் மட்டும் அதைத் தவிருங்கள், துளையை அடைக்கும்.


செந்தில், சேலம்

கார்போகரிசி விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் மாவுப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன், பட்டியலில் இருக்கிறது. நன்றி. அக்கா மகள் சித்திரை வெயிலில் முகம் கறுத்துப்போனதற்கு வெயில் மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பயத்தமாவு பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் புண் இருக்கும் தோலில் போடமாட்டேன்.


மலர், பொள்ளாச்சி (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

குழந்தைநல மருத்துவரிடம் காட்டினோம். ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார். கோவையில் ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்பினார், அங்கே கையில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள். பாலுக்கும் முட்டைக்கும் ஒன்றுமில்லை. நிலக்கடலைக்கு மட்டும் கொஞ்சம் தடித்தது. முட்டையையும் பாலையும் அங்கேயே உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

வீட்டில் முதலில் கொண்டுவந்தது உளுந்து. நாலு நாள் கவனித்தேன், ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் தோசை ஊற்றினேன். ஆறு தோசை சாப்பிட்டாள். கத்தரிக்காய் கொடுத்த அன்று ராத்திரி கழுத்தைச் சொறிந்தாள், பத்து நாள் விட்டு மறுபடி கொடுத்தேன், மறுபடியும் அதே. அதனால் வைத்தியர் எழுதிய பட்டியலில் கத்தரிக்காயும் கருவாடும் நின்றுவிட்டன, அதற்கு அவள் கவலைப்படவும் இல்லை. நண்டு, இறால் இன்னும் தொடவில்லை.

பாலக்காட்டு வைத்தியரிடமும் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பாலையும் உளுந்தையும் நான் சொல்லவே இல்லையே, ஏன் நிறுத்தினீர்கள், பத்தியமே 41 நாளைக்குத்தான், அப்போதே வந்து காட்டியிருக்க வேண்டாமா என்று வருத்தப்பட்டார். அவர் அப்போதே நாள் கணக்கைச் சொல்லியிருப்பார், எனக்குத்தான் காதில் விழவில்லை. நெய் மருந்தை நிறுத்திவிட்டார், எண்ணெய் மட்டும் தொடரச் சொன்னார்.

களிம்பைத் தோல் டாக்டர் சொன்னபடி விட்டுவிடாமல் ஒன்பது நாள் போட்டேன், பிறகு வாரம் இரண்டு நாள். குளிப்பதற்குப் போர் தண்ணீரைக் குறைத்துவிட்டு ஆழியாற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்கிறோம். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு ஈரத்தோடு எண்ணெய் பூசுவது இப்போது அவளே செய்கிறாள், முதுகு மட்டும் நான். முழங்கை மடிப்பில் தோல் நிறம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வெடிப்பு இல்லை, ராத்திரி தூங்குகிறாள்.

மாமியார் முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு நாஞ்சில் பெரியவர் எழுதிய ஆச்சி கதையைப் படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வீட்டு முன்னால் இருக்கும் இட்லிப்பூச் செடியில் பூப் பறித்துக்கொண்டு வந்தார். எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார். முதலில் என் கையில் பூசி மூன்று நாள் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்கு.

எடை இன்று காலை 19.7. நிலக்கடலைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கோவைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.